நம் ரீயூனியன் தீவு எந்தக் கண்டம்? கண்டங்களுக்கு நடுவே எல்லையை யார் வைக்கிறார்கள்?

கோதை_சென்தாந்த்ரே
சனி, மாலை 6.10

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை வகுப்பில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். இன்றைய பாடம் கண்டங்களின் பெயர்கள். பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, உலகப் படத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டச் சொன்னேன். பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, பாதி கிரெயோல் பாதி தமிழில் கேட்டான்: "டீச்சர், நாம எந்தக் கண்டம்?"

ஆப்பிரிக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். மடகாஸ்கர் நமக்கு மேற்கே சுமார் 700 கிலோமீட்டர். நாம் பிரான்ஸின் மாவட்டம்தான், ஆனால் பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் பின்வரிசையில் இருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு 5 யூரோ நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பின்பக்கத்தைப் பாருங்கள் என்றாள். ஐரோப்பாப் படம். அதன் அடியில் சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றில் ஒன்றில், எள்ளை விடச் சின்னதாக, நம் ரீயூனியன். இத்தனை வருஷமாக அந்த நோட்டைக் கொடுத்துக் காய்கறி வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பிள்ளைகள் நோட்டைக் கைமாற்றி வாங்கி, நகத்தால் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

2002 ஜனவரி 1 பிறந்ததும் யூரோவில் முதல் வியாபாரம் நடந்ததே நம் தலைநகர் சென் தெனி சந்தையில்தான், ஒரு கிலோ லீச்சிப் பழம், என்று அவர்களுக்குச் சொன்னேன். பாரிஸுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இங்கே நள்ளிரவு வந்துவிட்டது அல்லவா. பசங்களுக்கு ஒரே பெருமை.

அப்போதுதான் முதலில் கேட்ட பையன் திரும்பவும் கேட்டான்: "அப்போ படகுல வந்த அண்ணாங்க ஐரோப்பாவுக்குத்தான் வந்தாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. 2018 முதல் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்களைத்தான் சொல்கிறான். அவர்களில் ஒருவருடைய மகள் இவனோடு படிக்கிறாள். இரண்டு கண்டங்களுக்கு நடுவே எல்லை என்று ஒன்றை யார் வைக்கிறார்கள்? கடலா, ஆறா, காகிதமா? இங்கே கப்பலில் போனவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள், படகில் வந்தவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் அவனுக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

காரைக்கால்_நிலா
சனி, இரவு 8.32

அக்கா, இந்தக் கேள்விக்கு ஒரு விமான டிக்கெட்டின் விலையைக் கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டவள் நான்.

என் அம்மா காரைக்காலிலிருந்து பாரிஸுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் முறையாக வாங்கிய ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் விசா. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணன் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நாங்கள் யாரும் விதியைப் படிக்கவில்லை, அது எங்கள் தவறுதான். ஓர்லி விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த விசா ரீயூனியனுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார். அம்மா திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டாராம்: "அதுவும் பிரான்ஸ்தானே?"

பிரான்ஸ்தான். ஐரோப்பிய ஒன்றியமும்தான். ஆனால் ஷெங்கன் பகுதி இல்லை. இந்த மூன்றும் ஒன்று என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த, அளவு பொருந்தாத மூன்று வட்டங்கள். கடல்கடந்த மாவட்டத்துக்கு என்று தனி விசா வாங்கவேண்டும். எனக்காக இடித்துக் கொண்டுவந்த சாம்பார்ப் பொடியைத் தபாலில் அனுப்பிவிட்டு அம்மா ஊருக்குப் போய்விட்டார்.

எல்லை என்றால் முள்கம்பியும் துப்பாக்கியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது விமான நிலையக் கவுன்டரில் இருந்தது. பாரிஸ் நகரத்துப் பக்கத்திலேயே.

கப்பல்_மாணிக்கம்
ஞாயிறு, காலை 5.50

கோதை தங்கச்சி, நல்ல கேள்வி. இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் ஓடிவிட்டு இப்போது லெ போர் துறைமுகத்தில் கரை வேலை பார்க்கிறேன். கண்டங்களுக்கு நடுவே உள்ள தண்ணீரை எல்லாம் நான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், பையனுக்கு எது பயன்படுமோ எடுத்துக்கொள்.

முதலில் இஸ்தான்புல். பாஸ்பரஸ் நீரிணை, ஒரு கரை ஆசியா, மறுகரை ஐரோப்பா. ஒடுக்கமான இடத்தில் சுமார் 700 மீட்டர். அங்கே எல்லைக் காவல் என்று ஒன்றும் கிடையாது. காலையில் ஆசியாவில் தூங்கி எழுந்து ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் படகேறித் திரும்புகிறார்கள். படகில் சின்னக் கண்ணாடிக் குவளையில் டீ விற்பார்கள், அதைக் குடித்து முடிப்பதற்குள் கண்டம் மாறிவிடும். 2013 முதல் கடலுக்கு அடியில் ரயிலே ஓடுகிறது. இதுதான் பாடப் புத்தகத்தில் இருக்கும் அசல் கண்ட எல்லை.

அப்படியென்றால் ஐரோப்பா போட்ட வேலி எங்கே? அங்கிருந்து மேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கிரேக்கர்கள் எவ்ரோஸ் என்றும் துருக்கியர்கள் மெரிச் என்றும் சொல்லும் ஆறுதான் இரண்டு நாட்டுக்கும் எல்லை. ஆனால் எதிர்னே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றைத் தாண்டி மேற்குக் கரையில் ஒரு துண்டு நிலம் துருக்கியிடம் இருக்கிறது. 1923-ல் லோசான் ஒப்பந்தத்தில் அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் மட்டும் நீந்தவேண்டாம், நடந்தே கிரேக்கத்துக்குள் போய்விடலாம். அதனால் 2012-ல் சரியாக அங்கே பன்னிரண்டரை கிலோமீட்டர் வேலி போட்டார்கள். அது அடைபட்டதும் ஆட்கள் ஈஜியன் கடல் பக்கம் திரும்பினார்கள். சிரியாவில் சண்டை முற்றிய 2015-ல் கடல் வழியாக மட்டும் எட்டரை லட்சம் பேர் கிரேக்கத் தீவுகளில் இறங்கினார்கள்.

இப்போது வரைபடத்தைப் பார். அந்த வேலிக்கு இந்தப் பக்கமும் ஐரோப்பா, அந்தப் பக்கமும் ஐரோப்பா.

அடுத்து ஜிப்ரால்டர் நீரிணை. ஒடுக்கமான இடத்தில் 14 கிலோமீட்டர். இரவில் கப்பல் மேல்தளத்தில் நின்றால் இரண்டு கண்டத்து விளக்குகளும் தெரியும். ஆப்பிரிக்கக் கரையில், மொராக்கோ நிலத்தை ஒட்டி, செயூத்தா, மெலிலா என்று இரண்டு ஊர்கள் ஸ்பெயினிடம் இருக்கின்றன. மெலிலா 1497 முதல் ஸ்பெயின் கையில். செயூத்தாவை 1415-ல் பிடித்தது போர்ச்சுகல், அப்புறம் ஸ்பெயினுக்கு வந்தது. மெலிலாவின் எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? 1862-ல் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம்தான் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்று உயரமான வேலி நிற்கிறது. அந்த வேலிக்கும் இரண்டு பக்கமும் ஆப்பிரிக்கா.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதே கரையில் வேலெஸ் தெ லா கொமேரா என்று ஒரு பாறை. முன்பு தீவாக இருந்தது. 1934-ல் அடித்த புயலில் மணல் ஒதுங்கிக் கரையோடு சேர்ந்துவிட்டது. மேலே ஸ்பெயின் சிப்பாய்கள், கீழே மொராக்கோ மீனவர்கள், நடுவே மணலில் ஒரு கயிறு. நீளம் சுமார் 85 மீட்டர். ஐரோப்பிய ஒன்றியமும் ஆப்பிரிக்காவும் சந்திக்கும் எல்லை அது. நம் ஊர் மீனவர்கள் வலை காயப்போடுவது போலத்தான் படத்தில் தெரியும்.

ஆக, கண்டம் பிரியும் இடத்தில் டீ விற்கிறார்கள். வேலி நிற்கிற இடத்தில் கண்டம் பிரியவே இல்லை.

பழைய_சிப்பாய்
ஞாயிறு, காலை 10.15

மாணிக்கம் அண்ணன் எழுதியதைப் படித்தேன். தகவல் எல்லாம் சரி. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளை, எல்லையே தேவையில்லாத ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன், மயோட்டில் இரண்டு தடவை பணியில் இருந்தேன். அங்கே பார்த்ததை எழுதுகிறேன்.

மடகாஸ்கருக்கு வடமேற்கே உள்ள மயோட் தீவு நம்மைப் போலவே பிரெஞ்சு மாவட்டம். 1974 டிசம்பரில் கொமொரோஸ் தீவுகள் நான்கிலும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று தீவுகள் விடுதலை கேட்டன, மயோட் மட்டும் பிரான்ஸோடு இருக்க விரும்பியது. 1975-ல் கொமொரோஸ் விடுதலையை அறிவித்தது, மயோட் தனியாக நின்றுவிட்டது. 2011-ல் மாவட்டம் ஆனது, 2014-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்தது. பக்கத்துத் தீவு அஞ்சுவான், 70 கிலோமீட்டர். அங்கிருந்து 'குவாசா' என்று சொல்லும் சின்ன மீன்பிடிப் படகில் ஆட்கள் வருகிறார்கள்.

மயோட்டில் 2022-ல் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் பிரசவம். பிரான்ஸிலேயே பெரிய பிரசவ ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் பிள்ளைகள் காலையில் பாதி, மாலையில் பாதி என்று படிக்கிறார்கள். தண்ணீர் வரும் நாளை எண்ணிக் குடத்தை வைக்கிறார்கள். இதையெல்லாம் தினமும் அனுபவிப்பது பாரிஸ்காரன் இல்லை, மயோட் சனம்தான். எல்லையை இறுக்கு என்று தெருவில் இறங்கிக் கேட்பதும் அவர்கள்தான். அவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது.

இன்னொன்று. ஒரு விடியற்காலை ரோந்துப் படகில் போனபோது கடலில் ஒரு பிளாஸ்டிக் கேன் மிதந்தது. பெட்ரோல் கேன். அப்புறம் ஒரு ரப்பர்ச் செருப்பு. அப்புறம் சின்ன அளவில் இன்னொரு செருப்பு. படகைக் கண்டுபிடிக்கவே இல்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாத படகில் முப்பது பேரை ஏற்றிப் பணம் வாங்கியவன் அஞ்சுவானில் பத்திரமாக இருந்திருப்பான். எல்லையைத் திறந்து விடு என்றால் அவன் இன்னும் இரண்டு படகு வாங்குவான். இது என் உறுதியான எண்ணம்.

கப்பல்_மாணிக்கம்
ஞாயிறு, பகல் 12.40

> எல்லையைத் திறந்து விடு என்றால் அவன் இன்னும் இரண்டு படகு வாங்குவான்.

தம்பி, நீ பார்த்த செருப்பு எனக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் இந்த ஒரு இடத்தில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

1995 ஜனவரி வரைக்கும் அஞ்சுவான்காரனுக்கு மயோட் போக விசா வேண்டாம். சாதாரணப் பயணிக் கப்பலில் டிக்கெட் எடுத்து, பெட்டியோடு, கோழியோடு போவார்கள், சந்தையை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். பாதிப் பேருக்கு அக்கா தங்கை அந்தக் கரையில்தான். பிரான்ஸில் பலாதூர் பிரதமராக இருந்தபோது விசா கொண்டுவந்தார்கள். குவாசா என்ற தொழில் பெருத்தது அதற்குப் பிறகு. 1995-க்கும் 2012-க்கும் நடுவே அந்த 70 கிலோமீட்டரில் செத்தவர்கள் 7,000 முதல் 10,000 வரை இருக்கலாம் என்று பிரெஞ்சு செனட் அறிக்கையே மதிப்பிட்டது. படகுக்காரனுக்குத் தொழில் வைத்துக் கொடுத்தது திறந்த எல்லை இல்லை, மூடிய எல்லை. கப்பல் ஓடிய வழியில் யாரும் குவாசாவுக்குக் காசு கொடுக்கமாட்டான்.

ஆஸ்பத்திரிக் கூட்டம், பள்ளிக்கூடம், தண்ணீர் பற்றி நீ சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் விசா வந்த பிறகு, வந்தவன் திரும்பிப் போக பயப்படுகிறான். போனால் மறுபடி வர உயிரைப் பணயம் வைக்கவேண்டுமே. போய் வந்துகொண்டிருந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். எல்லையை இறுக்கினால் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்துதான் பூட்டப்படுகிறார்கள்.

காரைக்கால்_நிலா
ஞாயிறு, பகல் 1.05

மயோட்டில் கொடுக்கும் வதிவிட அட்டை மயோட்டுக்கு மட்டும்தான் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை வைத்திருப்பவர் நம் ரீயூனியனுக்கு வரவே தனி அனுமதி வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் தாய் ஒன்பது வருஷமாக அங்கே சட்டப்படி இருக்கிறார், பேரன் பிறந்ததைப் போனில்தான் பார்த்தார். பிரான்ஸுக்குள் பிரான்ஸுக்கு ஓர் எல்லை.

வடமராட்சியான்
ஞாயிறு, இரவு 9.20

கோதை அக்கா, உங்கள் வகுப்பில் அந்தப் பையன் சொன்ன படகுகளில் ஒன்றில் வந்தவன் நான். இரண்டு நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிப்பாய் அண்ணை செருப்பைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்கக் கூடாது என்று பட்டது.

நாங்கள் வெளிக்கிட்டது ஒரு பலநாள் மீன்பிடிப் படகில். ஆழ்கடலுக்குப் போய்க் கிழமைக்கணக்கில் நின்று மீன் பிடிக்கிற படகு அது. மீன் போடுகிற ஐஸ் அறையைக் கழுவி, பலகை போட்டு, அதற்குள் பெண்களும் பிள்ளைகளும் படுத்தார்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த மீன் வாடை போகாது. நாலாயிரம் கிலோமீட்டர் அளவு தூரம். முதல் கிழமை எல்லாரும் கதைத்தோம். இரண்டாம் கிழமை சாப்பாட்டைப் பற்றி மட்டும் கதைத்தோம். அதன் பிறகு ஒருத்தரும் கதைக்கவில்லை. தண்ணீரை மூடியால் அளந்து குடித்தோம், போத்தல் மூடியால்.

படகோட்டி எங்களுக்குச் சொன்ன சொல் ஒன்றுதான்: பிரான்ஸ். ரீயூனியன் என்ற பெயரைக் கரையைக் கண்ட பிறகுதான் கேட்டேன். பச்சை மலையையும் தென்னையையும் பார்த்த ஒரு வயதான ஐயா, "சுத்திச் சுத்தித் திரும்ப ஊருக்கே வந்திட்டமோ" என்று அழத் தொடங்கிவிட்டார்.

பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுக்கக் கிடைத்தபோது, வந்து சேர்ந்திட்டோம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் நிற்கிறது பிரான்ஸ்தான். ஆனால் இங்கே வருவதற்கு இன்னும் கனக்க இருக்கு."

அவர் சொன்னது உண்மை. சட்டப்படி நாங்கள் அப்போது பிரான்ஸுக்குள் வந்திருக்கவில்லை. கால் மண்ணில் நின்றது. சோறு சாப்பிட்டோம். சன்னலால் பார்த்தால் பிரெஞ்சுக் கொடி தெரிந்தது. ஆனால் நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் 'காத்திருப்பு வலயம்'. அங்கே இருபது நாள் வரை வைத்திருக்கலாம், நீதிபதி முன்னால் நிறுத்தித்தான் நீட்டலாம். அதற்குள், எங்கள் கதை உள்ளே விட்டுக் கேட்கத் தகுந்ததா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். கதையைக் கேட்ட அதிகாரி பாரிஸ் பக்கத்தில், நான் இங்கே, நடுவில் ஒரு வீடியோத் திரை. மொழிபெயர்த்தவர் இந்தியத் தமிழர், நல்ல மனிதர். நான் "வள்ளம்" என்று சொன்னேன், அவருக்கு அது விளங்கவில்லை. படகு என்று சொல்லி, எந்தப் படகு என்று அவர் கேட்டு, முதலில் ஏறிய சின்ன வள்ளத்தையும் பிறகு மாறிய பெரிய படகையும் பிரித்துச் சொல்வதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. உயிர் போகிற கதையைச் சொல்லும்போது ஒரு சொல்லுக்காகத் தடக்குப்படுவது என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

சிப்பாய் அண்ணை, படகோட்டிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எங்களிடமும் நகை, காணி எல்லாம் விற்ற காசை வாங்கினார்கள். அவர்களுக்காக நான் கதைக்கவில்லை. ஆனால் கொழும்பில் ஒரு கவுன்டரில் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை விடுங்கள் என்று விண்ணப்பம் கொடுக்க ஒரு வழி இருந்திருந்தால், நான் என் பிள்ளையை ஐஸ் அறைக்குள் படுக்க வைத்திருப்பேனா? அடைக்கலம் கேட்க முதலில் அந்த நாட்டு மண்ணை மிதிக்கவேண்டும். மண்ணை மிதிக்க விசா வேண்டும். விசா கேட்டால், திரும்பிப் போவேன் என்று காட்டவேண்டும். திரும்பிப் போக முடியாதவன் அதை எப்படிக் காட்டுவான்?

கோதை_சென்தாந்த்ரே
ஞாயிறு, இரவு 9.58

தம்பி, இப்போதுதான் படித்தேன். எழுதியதற்கு நன்றி. அந்த மூடியால் தண்ணீர் அளந்ததை உங்கள் மகள் ஒரு நாள் வகுப்பில் படமாக வரைந்தாள். நான் அது என்ன, நாணயமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

போர்லூயி_வள்ளி
திங்கள், காலை 7.15

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். வடமராட்சித் தம்பி எழுதிய 'காத்திருப்பு' என்ற சொல்லைப் படித்ததும் தியேகோ கார்சியா நினைவுக்கு வந்தது.

2021 அக்டோபரில் 89 இலங்கைத் தமிழர்கள் கனடா போவதாகப் புறப்பட்ட படகு சிதைந்து, சாகோஸ் தீவுகளில் உள்ள தியேகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டது. அங்கே இருப்பது அமெரிக்கப் படைத்தளம். நிர்வாகம் பிரிட்டனுடையது. 1965-ல் எங்கள் மொரிஷியஸிலிருந்து வெட்டி எடுத்த தீவுகள், விடுதலைக்கு மூன்று வருஷம் முன்பு. அங்கே பிறந்து வளர்ந்த சாகோஸ் மக்களை வெளியேற்றிவிட்டுத்தான் தளம் கட்டினார்கள். ஊர்க்காரர்கள் இருக்கக் கூடாது என்று காலி செய்த தீவில், ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கூடாரங்களில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். அகதிகள் உடன்படிக்கையை பிரிட்டன் தன் நாட்டுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது, அந்தத் தீவுக்கு நீட்டவில்லை. பிரிட்டனின் ஆட்சி உண்டு, பிரிட்டனின் கடமை இல்லை. கடைசியில் 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலோரை அதே மாதம் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் தீவுகளை மொரிஷியஸுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன, தளம் மட்டும் அங்கேயே இருக்கும்படியாக.

அந்தத் தீவு எந்தக் கண்டம் என்று உங்கள் மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள் அக்கா? எனக்குக் கோபம்தான் வருகிறது. நாட்டுக்குச் சொந்தம் கொண்டாட ஒரு வரைபடம், அகதிக்குக் கதவு திறக்க வேறொரு வரைபடம் வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய_சிப்பாய்
திங்கள், மாலை 5.30

வடமராட்சித் தம்பி, உன் எழுத்தை மூன்று தடவை படித்தேன். நான் எழுதியது உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள். விண்ணப்பம் கொடுக்க ஒரு வழி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஐரோப்பா அதைச் செய்யாமல் ரோந்துப் படகுக்கு மட்டும் பணம் கொடுப்பது தவறு. எங்களைப் போன்றவர்களைக் கடலில் நிறுத்திவிட்டு முடிவெடுப்பவர்கள் கரையில் இருக்கிறார்கள்.

ஆனாலும் யார் வருகிறார், யார் போகிறார் என்ற கணக்கே இல்லாமல் ஒரு தீவு நடக்க முடியாது. இதை நான் விடமாட்டேன். 2024 டிசம்பரில் சிடோ புயல் மயோட்டைப் புரட்டிப் போட்டபோது, தகரக் குடிசைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் புகலிடக் கட்டடங்களுக்கு வரவே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் செத்தால் அதுவும் பட்டியலில் வராது.

கப்பல்_மாணிக்கம்
திங்கள், இரவு 7.45

தம்பி, நீ கடைசியாகச் சொன்னதில்தான் நாம் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம். கணக்கு வேண்டும், சரி. ஆனால் பயமுறுத்தி வைத்தால் கணக்குக்கு எவன் வருவான்?

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த எல்லைகளை இப்போது காப்பது யார்? ஐரோப்பா தன் கையால் காப்பது குறைந்துகொண்டே வருகிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காசு கொடுத்துக் காவல் வைக்கிறது. 2016 மார்ச்சில் துருக்கியோடு ஏற்பாடு, 600 கோடி யூரோ. 2017-ல் இத்தாலி லிபியாவோடு. 2023-ல் துனிசியா. 2024-ல் மௌரித்தானியாவுக்கு 21 கோடி யூரோ, ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குப் படகு போகாமல் பார்த்துக்கொள்ள. அந்த ஆண்டு மட்டும் கனேரித் தீவுகளில் 46,000 பேருக்கு மேல் இறங்கினார்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் பூட்டும் உரிமையோடு திறக்கும் உரிமையும் அவனிடம் போய்விடும். 2021 மே மாதம் செயூத்தாவில் அதுதான் நடந்தது. மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் மேற்கு சகாராவின் விடுதலைக்காகப் போராடும் பொலிசாரியோ இயக்கத்தின் தலைவரை ஸ்பெயின் தன் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்தது. மொராக்கோவுக்குக் கோபம். காவலர்கள் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு நாளில் சுமார் 8,000 பேர் கடலோரத் தடுப்பைச் சுற்றி நீந்தியும் நடந்தும் உள்ளே வந்தார்கள். நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அடுத்த மார்ச்சில் ஸ்பெயின் மேற்கு சகாரா விஷயத்தில் தன் பழைய நிலையை மாற்றி மொராக்கோவின் திட்டத்தை ஆதரித்தது. இரண்டு நாடும் சமாதானம் ஆகி சுமார் மூன்று மாதம்தான் இருக்கும், ஜூன் 24-ம் தேதி மெலிலா வேலியில் நெரிசலிலும் அடியிலும் 23 பேர் செத்தார்கள் என்று மொராக்கோ அரசே சொன்னது. அதைவிட அதிகம் என்று மனித உரிமைக்காரர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலும் சூடானிலிருந்து போரில் தப்பி வந்தவர்கள். அரசுகள் சண்டை போட்டபோது கதவு திறந்தது, அரசுகள் கைகுலுக்கியபோது ஆட்கள் செத்தார்கள்.

நம் பக்கத்திலும் அதே கதைதான். 2018-ல் மயோட்டிலிருந்து திருப்பி அனுப்புகிறவர்களை வாங்கமாட்டோம் என்று கொமொரோஸ் துறைமுகத்தை மூடியது. மயோட்டே எங்களுடையது, எங்கள் நாட்டுக்குள்ளேயே எங்கள் ஆளை எப்படித் திருப்பி அனுப்புவாய் என்று கேட்டது. அடுத்த ஆண்டு 15 கோடி யூரோ உதவி என்று ஒப்பந்தம் ஆனது. அப்புறம் பழையபடி படகுகள் திரும்பின. அஞ்சுவானில் காத்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்தப் பணத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அவள் குவாசா ஏறியிருக்கமாட்டாள். சிப்பாய்த் தம்பி சொன்ன அந்தச் சின்னச் செருப்பும் கடலில் மிதந்திருக்காது.

கோதை_சென்தாந்த்ரே
செவ்வாய், இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக உங்கள் எழுத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு மண்டபத்தில் இல்லை. கிராந் ஷாலூப்புக்குக் கூட்டிப்போகிறேன். சென் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் நடுவே, மலை இடுக்கில், கடலைப் பார்த்தபடி அந்தப் பழைய தனிமைப்படுத்தும் கட்டடம் இருக்கிறது அல்லவா, லாசரே. இந்தப் பிள்ளைகளின் கொள்ளுத் தாத்தாக்களில் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி வந்து இறங்கியதும், கரும்புத் தோட்டத்துக்குப் போகும் முன்னே அங்கேதான் அடைத்து வைக்கப்பட்டார்கள். 1860-ல் பிரான்ஸும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டுக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். இங்கே அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்து 1882-ல் பிரிட்டன் நிறுத்தியது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்றபோது ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கக் கடலுக்கு வழி திறந்தே இருந்தது, விசாவும் இல்லை, வேலியும் இல்லை. ஆனால் வாசலில் ஒரு காத்திருப்பு அறை அப்போதும் இருந்தது.

அந்தச் சுவரைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் 5 யூரோ நோட்டையும் உலகப் படத்தையும் தரையில் விரித்து, நாம் எந்தக் கண்டம் என்று அவர்களையே பேசச் சொல்லப்போகிறேன்.

சிப்பாய் அண்ணா, நீங்களும் வாருங்கள். மயோட்டில் தண்ணீருக்குக் குடம் வைப்பதை நீங்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். வடமராட்சித் தம்பி, உங்களையும் கேட்கலாமா? விருப்பம் இருந்தால் மட்டும். பேசவேண்டும் என்றுகூட இல்லை.

பழைய_சிப்பாய்
செவ்வாய், இரவு 8.41

வருகிறேன் அம்மா. என் வண்டியில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. சென் பெனுவா பக்கம் யாராவது இருந்தால் ஏற்றிக்கொள்கிறேன்.

வடமராட்சியான்
செவ்வாய், இரவு 10.05

வருகிறேன் அக்கா. மகள் தான் வரைந்த படத்தைக் கொண்டுவரப் போகிறாளாம். சிப்பாய் அண்ணை, நாங்கள் சென் பெனுவாவில்தான் இருக்கிறோம், மூன்று பேர். எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள்.